குரங்கின் மேல் பழி

முதல் கண்ணாடி உடைந்தபோது
குரங்கு என்று சொன்னோம்.
சாட்ஸ்வர்த்தில் யாரும் நம்புவார்கள்.
ஜன்னல் விரற்கடை திறந்திருந்தால் போதும்,
ரொட்டி போகும், மாம்பழம் போகும்,
போன வருடம் எதிர்வீட்டு டோனி படயாச்சியின்
பல்செட்டே போனது.

இரண்டாவது உடைந்தது மின்வெட்டில்.
இருட்டு, என்றாய்.
இருட்டுதான், என்றேன்.
கேஸ் அடுப்பின் நீல வளையம் ஒன்றே வெளிச்சம்.
குனிந்து சில்லுகளைப் பொறுக்கினேன்.
ஈரக் காபித்தூள்
விடியும்வரை உள்ளங்காலில் மணத்தது.

மூன்றாவது, பட்டப்பகல்.
ஜன்னல் சாத்தியிருந்தது.
உன் வலது கை உன்னைக் கேட்காமல்
யாருக்கோ எதையோ வேண்டாமென்று சொல்வதுபோல்
ஆடிக்கொண்டிருந்தது.
இருவரும் ஜன்னலைப் பார்த்தோம்.
"குரங்கு," என்றாய்.
"ஆமாம், வாசகி. குரங்கு."

சனிக்கிழமை கடைக்குப் போனேன்.
முப்பத்தொரு வருடம் டர்பன் துறைமுகத்தில்
கிரேன்களின் போல்ட்டுகளைத் தட்டித் தட்டிக்
காது வைத்துக் கேட்டவன் நான்.
ஒரு பிரெஞ்ச் பிரெஸ் என்னை ஏமாற்றிவிடுமா?
கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன்:
பசை ஒட்டு. தள்ளு.
அடுத்தது: தண்டின் மரை
பிளாஸ்டிக்குக்குள் இறங்குகிறது;
ஆறு மாதம், அதற்கு மேல் தாங்காது.
இன்னொன்று: சல்லடை ஓரம் மடிக்காமல் வெட்டியது,
கம்பி பிரிந்து
ஒருநாள் உதட்டில் குத்தும்.

பிளாஸ்டிக் குடுவை ஒன்று இருந்தது.
உடையாது, விலையும் பாதி.
கையில் எடுத்தேன்.
பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் டம்ளர் மாதிரி இருந்தது.
உன் முன்னால் அதை வைக்க எனக்கு மனமில்லை.

மிஞ்சியது எவர்சில்வர்.
இரட்டைச் சுவர், பற்றவைத்த கைப்பிடி,
சல்லடை தனியாகவும் கிடைக்குமாம்.
எண்ணூற்றுச் சொச்சம் ராண்ட்.
குறை ஒன்றே ஒன்று:
உள்ளே நடப்பது தெரியாது.
நான்கு நிமிடத்துக்கு நீ
கடிகாரம் பார்த்ததே இல்லை.
மேலே மிதக்கும் தூள்
வெளுப்பிலிருந்து கறுப்புக்குப் போவதைப் பார்ப்பாய்,
பிறகு அமுக்குவாய்.
அந்த வேடிக்கையையும் சேர்த்துத்தான்
விற்கச் சொல்கிறேனா உன்னிடம்?

"யாருக்கு?" என்றாள் நொம்வுலா;
பெயர் சட்டையில் குத்தியிருந்தது.
"வீட்டுக்கென்றால் கண்ணாடியே அழகு, அங்கிள்."
"மலைக்கு," என்றேன்.
"டிராக்கன்ஸ்பர்க். கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம்."
பிறந்து அறுபத்துநான்கு வருடத்தில்
ஒரு ராத்திரிகூடக்
கூரையில்லாமல் தூங்காதவன் நான்.

வீட்டில் நீ பெட்டியைப் பிரித்தாய்.
உன் கை ஆட, அட்டையும் ஆடியது.
நான் நியூஸ்பேப்பருக்குள் இருந்தேன்.
"எதற்கு இரும்பு?"
"மலைக்குப் போனால் உதவும்."
"கூடாரம் எங்கே?"
பேப்பரில் அதற்குப் பதில் இல்லை.

அப்போதுதான் நீ அதை
இரண்டு கையாலும் தோள் உயரத்துக்குத் தூக்கி,
என்னைப் பார்த்து,
வேண்டுமென்றே
விட்டாய்.

டைல்ஸ் தரையில் அது எழுப்பிய சத்தத்தில்
கூரைமேல் இருந்த கூட்டம் மொத்தமும்
படயாச்சி வீட்டு மாமரத்துக்குத் தாவியது.
உருண்டு உருண்டு ஃப்ரிட்ஜ் அடியில் போய் நின்றது.
முட்டி போட்டு எடுத்தேன்.
கீழ் விளிம்பில் கட்டைவிரல் அளவு நெளிவு.
தண்டு நேர். மூடி நேர். ஒட்டு விடவில்லை.
வாரன்டி அட்டையைப் படித்தேன்:
கீழே போட்டால் பொறுப்பில்லை.

"நல்ல சாமான்," என்றாய்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.
"பாவம், அந்தக் குரங்குகளை
எத்தனை மாதம் திட்டினோம்."

தண்ணீர் கொதித்தது.
தூள் போட்டாய்; பாதி மேடையில் விழுந்தது,
துடைக்க நான் எழவில்லை.
உள்ளே தெரியாததால்
முதல் தடவையாகக் கடிகாரம் பார்த்தோம்.
இரண்டாம் நிமிடத்தில் கேட்டாய்,
"டாக்டர் எத்தனை மணிக்குச் சொன்னார், செவ்வாய்க்கிழமை?"

நீ கேட்பாய் என்று எதிர்பார்க்கவில்லை.
"பத்தரை," என்றேன்.
"காபி குடித்துவிட்டுப் போகலாம்," என்று
அமுக்கினாய்.
நெளிந்த பக்கம் மேசையில் லேசாகத் தட்டிற்று.
காபி கொஞ்சம் கடுப்பு.
ஐந்து நிமிடம் ஆகிவிட்டிருந்தது.