கட்டாயப் புலம்

கொழிஞ்சாம்பாறை ஆதார ஆபீசில்
ஸ்கேனருக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா,
இந்தப் பக்கம் நான்.
அவள் பத்திரத்தைப் புரட்டிப் படமாக்குவாள்.
நான் படத்துக்கு விவரம் கட்டுவேன்.

பதினோரு ஃபீல்டு.
எனக்குள் அதைப் புலம் என்றே சொல்லிக்கொள்கிறேன்,
நஞ்சை புஞ்சை மாதிரி.
ஆவண எண், ஆண்டு, சர்வே நம்பர்,
எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர்...
சிவப்பு நட்சத்திரம் போட்டது கட்டாயம்:
வீட்டுப்பெயர்.

எருத்தேம்பதி ஆறுச்சாமிக்கு ஏது வீட்டுப்பெயர்?
பெயருக்கு முன்னால் அப்பனின் ஓர் எழுத்து,
பின்னால் கிணற்றில் கால் பங்கு.
காலியாக விட்டால் சேமிக்காது.
கோடு போட்டால் சேமிக்காது.
புள்ளிக்கும் மசியவில்லை.
மலையாளத்தில் 'இல்ல' என்று அடித்தேன்.
பச்சை டிக் விழுந்தது.
எங்கள் வீட்டுப் பேச்சிலும்
அந்தச் சொல் அப்படித்தான்.

அப்புறம் எல்லோருக்கும் அதே.
வடகரப்பதி மயிலாத்தாள், இல்ல.
வேலந்தாவளம் அந்தோணிமுத்து, இல்ல.
மூன்று மாதத்தில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
வீட்டுப்பெயர் வாரியாகத் தேடினால்
தாலுகாவிலேயே பெரிய குடும்பம் நாங்கள்.

தரம் பார்க்க வந்த பிரமோத் சார்
பட்டியலை இறக்கிப் பார்த்துச் சிரித்தார்:
"கடைசிச் சுழி விட்டுப்போச்சே, குட்டி."
சாயா ஆறுவதற்குள்
எல்லாவற்றிலும் ஒரு குட்டி வட்டம் சேர்த்துவிட்டார்.
இல்ல, இல்லம் ஆயிற்று.

கடலைக்காட்டு ஆறுச்சாமியும்
கள்ளிறக்கும் அந்தோணிமுத்துவும்
பூணூல் இல்லாமலே நம்பூதிரிகள்.

சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பழையபடி திருப்பும் அதிகாரம்
அவர் லாகினுக்கும் கிடையாதாம்.
புதுப் பண்பு ஒன்று சேர்க்க மட்டும்
எனக்கு அனுமதி வாங்கித் தந்தார்.

பெயர் கேட்டது. யோசித்து,
'ஆளை எப்படித் தெரியும்' என்று வைத்தேன்.
வகை: உரை. நீளம்: இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்து.
நட்சத்திரம் போடவில்லை.
பத்திரத்தில் இருப்பதையே எடுத்து எழுதுகிறேன்:
ஆறுச்சாமி, காது கேளாதவர், ஓடைக்கு மேற்கே குடியிருப்பு.
மயிலாத்தாள், இடதுகைப் பெருவிரல் இல்லாததால்
வலதுகை ரேகை.

"இதை வைச்சு யாருடீ தேடப் போறா?"
ஸ்டெல்லா கேட்டாள்.
தெரியாது.
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில்
நாற்பதுதான் முடிந்திருக்கிறது.

நேற்று திருவனந்தபுரத்திலிருந்து
என் சம்பள பில் திரும்பி வந்தது.
காரணம்: ஊழியர் வீட்டுப்பெயர் காலி.

அடித்துவிட்டேன், இல்ல.
சுழி போடவா வேண்டாமா என்று
பக்கத்திலேயே நின்று
துடிக்கிறது கர்சர்.