முதுகு காட்டி நிற்பவர்

கறுப்புக் குப்பைப் பையில்
தலைக்கு ஒன்று, கைக்கு இரண்டு என ஓட்டை போட்டு
அதையே சட்டையாய் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.
மே மாதத்துக் குளிர்.
பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் செங்கல் மணிக்கூண்டில்
ஆறடிக்கப் பத்து நிமிடம்.
ஆயிரத்து எண்ணூறு பேரின் மூச்சிலும்
தைலம், வாழைப்பழம், பயம்.
கழிப்பறை வரிசையிலேயே
ஒரு பந்தயம் முடிந்துவிட்டது.

வெடிச்சத்தம் கேட்டது. யாரும் நகரவில்லை.
கடைசியில் நிற்பவர்களுக்கு
ஓட்டம் என்பது முதலில் நிற்பது.
கோட்டைத் தொடவே நாலு நிமிடம்.
அந்த நாலும் கணக்கில் உண்டு
என்று அப்போது நான் நினைக்கவில்லை.

ஐந்து மணி பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.
சக்கரம் இல்லை, சீட்டு இல்லை,
அறுபது பேர் நெருக்கியடித்து ஓடும் பஸ்.
ஓட்டுநர் தண்டசானி ம்லாபா
முதுகில் கொடி கட்டியிருக்கிறார்.
இந்த விளக்குக் கம்பம் வரை ஓடு,
அடுத்த கம்பம் வரை நட,
ஜூலுவில் எண்ணுகிறார், நாங்கள் திருப்பிச் சொல்கிறோம்.
மேட்டில் எண் சிறுத்தது,
இறக்கத்தில் பாட்டானது.

ரெய்ஸ்தோர்ப்பில் இருபுறமும் சனம்.
தோட்டக் குழாயால் எங்களை நனைக்கும் சிறுமி,
உப்புத் தூவிய உருளைக்கிழங்குத் தட்டு,
தண்ணீர்ப் பொட்டலங்களைப் பல்லால் கிழித்துத்
துப்பித் துப்பித்
தெருவே காலடியில் நொறுநொறுக்கிறது.
கூட்டத்திலிருந்து ஒரு குரல்:
"கோகி! சிமெண்ட் வந்துடுச்சா?"
ஹார்டுவேர் கடைக் கல்லாவில்
பத்தொன்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு
வேறெப்படி வாழ்த்து வரும்?
"திங்கக்கிழமை!" என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
அரை கிலோமீட்டர் மூச்சு போனது.

முப்பத்திரண்டு.
வலது பெருவிரல் நகம்
ராஜினாமா கடிதம் தராமலே
வேலையை விட்டுப் போகிறது.
முப்பத்தைந்து.
யாரோ ஒருவர் சாலையோர மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.
யாரும் கேட்கவில்லை.
மரமும்.

முப்பத்தேழில் பஸ்ஸைத் தவறவிட்டேன்.
பிடிக்க ஓடித் தவறவில்லை,
உள்ளே இருந்தபடியே தவறினேன்.
கொடி சின்னதாகி
வளைவில் அணைந்தது.

பிறகு பக்கத்தில் அவள்.
பெயர் கேட்க மூச்சில்லை.
நெஞ்சில் குத்திய எண் 1143.
அவளுக்கு நான் 902.
சொல்லிக்கொள்ளாமல் ஒப்பந்தம் போட்டோம்:
நீ நடந்தால் நான் நடக்கிறேன்,
நான் நின்றால் நீ திட்டு.
ஜூலுவில் திட்டினாள். நன்றாகப் புரிந்தது.

மைதானத்துப் புல்.
கூட்டத்தின் இரைச்சலில்
மெரூன் கோட்டுக்காரர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி
துப்பாக்கியை வானுக்குத் தூக்கி
எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.
முகங்களைப் பார்த்தால்
விரல் ஒரு விநாடி தயங்குமாம்.

போரில் புறமுதுகு காட்டியவனை
ஏசி ஏசிப் பழகிய மொழி என்னுடையது.
இங்கே
துப்பாக்கி வைத்திருப்பவர்தான் முதுகு காட்டுகிறார்.
நாங்கள் வெறுங்கையோடு
அந்த முதுகை நோக்கி ஓடுகிறோம்.

பத்து, ஒன்பது.
1143 என் கையைப் பிடித்து இழுத்தாள்.
நாலு, மூன்று.
அந்தக் கோட்டின் நடுத்தையல்
கொஞ்சம் பிரிந்திருந்தது,
அது தெரிகிற தூரம்.

சுட்டார்.

அவள் கால் விரிப்பின் மேல்.
என் கால் புல்லின் மேல்.
கோர்த்த கை மட்டும்
பாதி உள்ளே, பாதி வெளியே.
பதக்கம் மாட்டுகிற பையன் எங்களைப் பார்த்தான்,
சட்டத்தைப் பார்த்தான்,
ஒன்றை மட்டும் எடுத்தான்.

மெரூன் கோட்டுக்காரர் இப்போது திரும்பினார்.
பார்க்கக்கூடாத எல்லா முகங்களையும்
ஒரே நேரத்தில் பார்த்தார் போல.
கீழே இறங்கி
தாம் நின்ற நாற்காலியை
என் பக்கம் தள்ளினார்.
பேசவில்லை.
அவருடைய காலணித் தடத்தின் மேல் உட்கார்ந்தேன்.

எனக்குப் பின்னால் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்,
யாருக்காகவும் எரியாத கடிகாரத்தை
நிமிர்ந்து பார்த்தபடி.
1143 பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
என் லேஸை அவிழ்க்கக் குனிந்தாள்.
நகம் காலுறையோடு வந்தது.
நாளை திங்கள்.
எட்டு மணிக்கு சிமெண்ட் வரும்,
நாற்பது மூட்டை.
நின்றுகொண்டுதான் எண்ண வேண்டும்.