இரண்டு பாத்தி

வாலிநோக்கத்துத் தெருவுக்குள்
நாற்றுவண்டிக்காரன் மைக்கில் பாடிக்கொண்டே வருகிறான்:
மா, கொய்யா, மாதுளை, சப்போட்டா, ஒட்டு எலுமிச்சை,
எந்த மண்ணுலயும் வரும்மா, எந்த மண்ணுலயும்.
அவனுக்குப் பெரியகுளம்.
உப்பைக் கடையில் வாங்குகிற ஊர்.

நான் உப்பளத்துக்காரி.
விடியுமுன் பாத்தியில் இறங்கி
வாருபலகை இழுப்பவள்.
பத்து மணிக்கு மேல் அங்கே எதையும் பார்க்க முடியாது,
கண்ணுக்குள்ளும் வெள்ளை காயும்.

வீட்டுக்கு வந்தால் கொல்லையில் இன்னொரு பாத்தி.
பேர் ஒன்றுதான்.
அங்கே தண்ணீர் வற்ற வேண்டும்,
இங்கே வற்றக் கூடாது.
அங்கே உப்புப் பூத்தால் கூலி.
இங்கே மண்மேல் அதே வெள்ளை பூத்துவிட்டால்
அன்றைக்குச் சோறு இறங்காது.

மூன்று கன்று வாங்கினேன்.
எலுமிச்சை, மாதுளை, ஒரு நந்தியாவட்டை.
பழம் சரி,
வெறும் பூவுக்கா அறுபது ரூபாய் என்றார் இருளாண்டி.
பார்க்கத்தான் என்று சொல்ல
வெட்கமாக இருந்தது எனக்கு.
வாய் திறக்கவில்லை.

மூன்றடிக் குழி.
அடியில் தேங்காய் மட்டை,
அதன்மேல் முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் வண்டல் இரண்டு சாக்கு,
சபூரா கொடுத்த ஆட்டுப் புழுக்கை.
குடம் பன்னிரண்டு ரூபாய்த் தண்ணீர்
முதலில் அரிசி கழுவும், பிறகுதான் வேருக்கு.
கால் கழுவுவது மட்டும் தெருப்பக்கம்.
என் குதிகால் வெடிப்பில்
ஒரு கைப்பிடி அளம் இருக்கிறது,
அது கொல்லைக்குள் வரக் கூடாது.

ஆடியில் கச்சான் அடித்தது.
எலுமிச்சை இலை
பீடி எரிகிற மாதிரி
நுனியிலிருந்து உள்ளே உள்ளே கருகியது.
வேளாண்மை ஆபீசர் போனில் சொன்னார்,
ஜிப்சம் போடுங்க.
ஜிப்சமா!
பெரிய பாத்தி அடியில் கண்ணாடிச் சில்லாகக் கிடந்து
எங்கள் காலைக் கிழிக்கிறதே, அதுவா?
கஞ்சி குடித்த தூக்குவாளியில் அள்ளி வந்தேன்.
கேட்டில் மூடியைத் திறக்கச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
மருந்து என்றிருப்பேன்.

எலுமிச்சை பிழைக்கவில்லை.
குச்சியைப் பிடுங்க மனமில்லாமல் விட்டேன்.
சபூரா வீட்டுக் காகிதப்பூ
சுவர் தாண்டி வந்து
அதன் தோளில் கைபோட்டு நிற்கிறது.
ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல்
அவ்வளவு சிவப்பு.
சில நாள் பார்க்கவே எரிச்சலாக வரும்.

மறுவருஷம் மாதுளையில் காய் ஒன்று.
ஒன்றே ஒன்று.
அணிலுக்குப் பயந்து
பழஞ்சேலைக் கிழிசலில் கட்டிவைத்தேன்.

ஐப்பசி பிறந்தது.
அளத்தில் குவியலை ஓலை போட்டு மூடி
எங்களை அனுப்பிவிட்டார்கள்.
தை வரை வேலை இல்லை.
மேகம் கருக்கும்போதெல்லாம்
எனக்கு இரண்டு வாய்.
ஒன்று, வந்துவிடாதே.
இன்னொன்று, ஒரு உழவு மழை,
வேரடி உப்பு கரைந்து இறங்கட்டும்.
எந்த வாய்க்குச் சாமி காது கொடுத்ததோ,
மூன்று நாள் விடவில்லை.

அன்றைக்குத்தான் மாதுளையை உடைத்தோம்.
முத்து சிவக்கவே இல்லை.
வெளுப்பு, அடியில் கொஞ்சம் ரோஸ்.
கல்லுப்புல்ல காய்ச்சிருக்கு என்று
இருளாண்டி சிரித்தார்.
நாலு முத்தை வாயில் போட்டார்.
பிறகு பேச்சில்லை.
என் பாதியிலும் கை வைத்தார்.

கடைக்காரர் நோட்டில் நம் பக்கம் நிறைந்துவிட்டது என்று
அவர்தான் அப்புறம் சொன்னார்.
நான் கொல்லைக்குப் போனேன்.
நந்தியாவட்டையில் முப்பத்தேழு பூ.
எண்ணினேன், வேலையில்லாதவள் வேறென்ன செய்வாள்.
அதுவும் வெள்ளைதான்.
ஆனால் கூசவில்லை.

இரண்டைப் பறித்தேன்.
தகரத்தில் மழை கொட்டக் கொட்டப்
பாயில் மல்லாந்து
மூடிய கண்மேல் ஒவ்வொன்றாக வைத்தேன்.
ஒன்பது மாத வெயில்
மெல்ல இறங்கிற்று.

அவர் எட்டிப் பார்த்தது காலடியில் தெரிந்தது.
எனக்கும் ரெண்டு வை என்றார்.