உள்ளிருந்து பூட்டும் கதவு

திருகோணமலை மீன் சந்தையில்
அலோசியா விடிய நாலரைக்கு ஒரு தேத்தண்ணி குடிப்பாள்.
பிறகு பின்னேரம் நாலு மணிக்கு.
இடையில் ஒன்றுமில்லை.
வாய் கொப்பளிப்பாள், துப்பிவிடுவாள்.

இதை நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.
மாதர் சங்கத்தின் நீல மட்டைக் கொப்பி.
முன்பக்கங்களில் சீட்டுக் காசு,
பின்னாலிருந்து திருப்பினால் தாகம்.
நவமணி: அரைக் கோப்பை.
சித்தி மஸாஹிரா: நோன்பு மாதிரித்தான், வருசம் முழுக்க.
குசுமாவதி இடுப்பைத் தொட்டு, கல் என்றாள்.
சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான்.
லீவு நாளில் செதில் வழிக்க வரும் ஷெறோமி,
அலோசியாவின் மகள், பதினாலு வயது,
மாதத்தில் நாலு நாள் வரமாட்டாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

மான்கள் திரியும் நகரம் இது.
கோடையில் பஸ் நிலையத்துப் பக்கம்
வெட்டிய பரலில் தண்ணீர் வைப்பார் கடைக்காரர்.
மான் குடித்துவிட்டு
நடு வீதியில் நின்றே பெய்யும்.
ஹோர்ன் அடிப்பார் யாருமில்லை.
ஆம்பிளைகளுக்கு ஐஸ் கொட்டிலின் பின்சுவர் இருக்கிறது.
எங்களுக்கு வீடு இருக்கிறது,
பன்னிரண்டு மணித்தியாலம் தள்ளி.

மனு எழுதக் கூடிய அன்று
'அடிப்படை வசதிகள் குறித்து' என்று தொடங்கினேன்.
அதுக்கு வாய்க்காலுக்கு மூடி போட்டுத் தருவாங்கள் என்றாள் நவமணி.
வெட்டிவிட்டு, 'இயற்கை உபாதை' என்றேன்.
'சுனாமி வந்ததெண்டு நினைக்கப்போறாங்கள்.'
ஷெறோமிதான்
பாரையின் வயிற்றிலிருந்து கத்தியை எடுக்காமலே சொன்னாள்:
'மூத்திரம் எண்டு எழுதுங்கோ அக்கா.'
மஸாஹிரா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
எழுதினேன்.
அந்த இடத்தில் பேனை கொஞ்சம் அழுந்திவிட்டது,
அடுத்த தாளிலும் தடம் தெரிந்தது.

நாற்பத்தேழு பேர் ஒப்பமிட்டார்கள்.
அதில் ஆறு பெருவிரல், செதில் ஒட்டிய ரேகை.

சபைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் வாசித்தார்.
அந்தச் சொல் வந்ததும் இருமினார்,
தண்ணீர் கேட்டார்,
ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்தார்.
பின்வாங்கிலில் இருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.
'இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேட்கேல்லையே' என்றார் தவிசாளர்.
உண்மைதான்.
எனக்கு அது இன்னும் செமிக்கவில்லை.

பிறகும் ஐந்து தரம் போனோம்.
கோப்பு இருந்தால் ஆளில்லை, ஆளிருந்தால் கோப்பில்லை.
அலோசியா கச்சேரிப் பக்கம் அலைந்த நாளெல்லாம்
அவளுடைய கூடையைக் குசுமாவதி விற்றாள்.
காசை ஈரக் கடதாசியில் சுற்றி
எண்ணாமல் கொடுத்தாள்,
எண்ணாமல் வாங்கினாள் மற்றவள்.

பதினாலாம் மாதம் கட்டி முடிந்தது.
இரண்டு அறை, வெள்ளை வாளி, பச்சைக் கதவு.
கொண்டியை வெளிப்பக்கம் போட்டிருந்தார்கள்.
வெளியில் மட்டும்.
'உள்ள இருக்கிற வாளி களவு போகும்தானே' என்றார் மேசன்.
மஸாஹிரா ஒன்றும் பேசவில்லை.
தராசு திருத்தும் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்தாள்,
கழற்றினாள், உள்ளே போய்ப் பூட்டினாள்,
சரியா என்று பார்க்கக் கதவையும் சாத்தினாள்.
கொண்டி விழும் சத்தம்.
வெளியில் நின்ற நாங்கள் அனைவரும் கேட்டோம்.
அவள் வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அன்று பதினொரு மணிக்கு
ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்க
அலோசியா கத்தியை வைத்துவிட்டு
ஒன்றரை லீட்டர் போத்தலை அண்ணாந்தாள்.
தொண்டை ஏறி இறங்கியது.
கழுத்தால் வழிந்து சட்டை நனைந்தது.
அறக்குளா என்ன விலை என்று ஒருவர் இரண்டு தரம் கேட்டார்.
பொறுங்கோ என்று கை காட்டினாள், குடித்தபடி.

இப்போது எங்களுக்குள் சண்டை,
கழுவும் முறை யாருடையதென்று.
தாகம் எழுதிய பக்கங்களுக்கு அடுத்ததில்
ஷெறோமி கோடு கீறிப் பட்டியல் போட்டிருக்கிறாள்.
மாதத்தில் எல்லா லீவு நாளும் வருகிறாள்.
இரண்டு வெள்ளிக்கிழமை நான் மறந்துபோனேன்.
சிவப்புப் பேனையால்
என் பெயரைச் சுற்றி வட்டம்.