அரைப் பேர்

அன்றைக்கு மழைக்கு வேறு வேலையே இல்லை.
லிந்துலைக்கு மேலே எங்கள் டிஸ்பென்சரித் தகரம்
காலையிலிருந்து காதைக் கேட்கவிடவில்லை.
நவமணியின் ஈரக் குடையை வாங்கி
மேல் ஆணியில் மாட்டியது நான்தான்.

கெண்டைக்காலில், பதினோரு வருஷத்துக்கு முன்
கவ்வாத்துக் கத்தி விட்டுப்போன தழும்பு.
அதற்குள் ஏதோ நெருடுகிறதாம்.
தோளைப் பற்றி வாயே திறக்கவில்லை.
ஆறு வருஷமாய் மேலே ஏறாத வலது கை
மலைக்கே தெரியும்;
கிலோ நிறையாமல், செக்ரோலில் அவளுக்கு
விழுவதெல்லாம் அரைப் பேர்.

இரண்டு மில்லி லிக்னோகெயின்.
"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், பிறகு ஒன்னும் தெரியாது."
தழும்பைச் சுற்றித் தோல் வெளுத்துத் தடித்தது.
கீறி எடுத்தேன்:
அரிசியளவு தேயிலைக் குச்சி, கறுத்துப்போய்.
ரெண்டு தையல்.

எழுந்தவள் குடையை எடுத்தாள்.
மேல் ஆணியிலிருந்து.
வலது கையால்.

பஞ்சைப் பிடித்தபடியே நின்றேன்.
குடையை மறுபடி மாட்டினாள், மறுபடி எடுத்தாள்,
யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தாள்.

"மருந்து ஒரு மணித்தியாலம் தாங்கும், மிஞ்சினால் இரண்டு.
அதுவும் காலுக்குத்தான் போட்டது."
என் படிப்பு அவ்வளவுதான் சொல்லும்.
"இருக்கட்டும் ஐயா. அதுக்குள்ள போய்
நானே தலை சீவிக்கிறேன்."
மழையில் இறங்கினாள், குடையை விரிக்காமல்.

சாயந்திரம் மடுவத்தில் பார்த்தேன். வலி வரவில்லை.
தையல் பிரிக்க வந்தபோதும் வரவில்லை.
தீபாவளி முற்பணம் கொடுத்த வாரமும்.

நுவரெலியா பெரிய டொக்டர் போனில் சிரித்தார்:
உறைந்த தோள் தானாய் இளகும், தவணை முடிந்திருக்கும்,
உன் ஊசிக்குக் கோயில் கட்டாதே.
சரிதான்.
ஆனாலும் அந்தக் குச்சியை
ஒரு மாத்திரைச் சிமிழில் போட்டு வைத்திருக்கிறேன்.

செய்தி பரவி, தழும்புள்ளவர்கள் எல்லாம் வந்தார்கள்.
இடுப்புக்கு அந்தோனிமுத்து,
ஒற்றைத் தலைவலிக்கு பாக்கியம் டீச்சர்,
குடல்வால் எடுத்த வடுவைத் திறந்து காட்டியபடி
தொழிற்சாலைக் காவல்காரர் சோமதாச.
ஐந்து பேருக்குப் போட்டேன்.
ஐந்து தழும்பும் மரத்தன. வேறொன்றும் போகவில்லை.
சோமதாச மட்டும், என் மனம் நோகக்கூடாதென்று,
கொஞ்சம் சுகம் என்றார்.

நவமணிக்கு இப்போது முழுப் பேர் விழுகிறது.
என் பதிவேட்டில் அவள் வரிக்கு நேரே
குறிப்பு என்ற கட்டத்தில்
தேதியை மட்டும் எழுதினேன்.

போன வாரம் இருமலுக்கு வந்தாள்.
மேல் ஆணி காலியாய்த்தான் இருந்தது.
குனிந்து, இடது கையால்,
கீழ் ஆணியில் குடையை மாட்டினாள்.

ஏனென்று நான் கேட்கவில்லை.
போகும்வரை இருவரும்
குரலைத் தாழ்த்தியே பேசினோம்.