மூவாயிரத்து நூற்று நாற்பது

நாரின் மாவட்டப் புள்ளிவிவர அலுவலகம், மூன்றாம் மாடி.
வெளியே மைனஸ் இருபது.
நேற்றைய மைனஸ் பத்தைவிட இருமடங்குக் குளிர் என்று
வானொலியில் ஒருவன் சொல்கிறான்.
அப்படிச் சொல்லக் கூடாது, தம்பி.
அந்தப் பூஜ்யம் யாரோ தண்ணீரைப் பார்த்துக் குறித்து வைத்தது.
குளிர் அங்கே தொடங்குவதில்லை.
கிராமுக்கு அந்தத் தொல்லை கிடையாது.
கிராமில் பூஜ்யம் என்றால் ஒன்றுமே இல்லை.
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நிலக்கரி வாசனையோடு வந்திருக்கின்றன பிறப்புப் பதிவேடுகள்.
பதினோரு கிராமம், நானூற்று ஆறு குழந்தைகள்.
எடைப் பத்தியில் விரலை ஓட்டுகிறேன்:
மூவாயிரம். மூவாயிரத்து ஐந்நூறு. மூவாயிரம்.
மூவாயிரம்.
அளந்த எண்கள் அல்ல இவை,
கையில் ஏந்திப் பார்த்து அன்போடு சொன்னவை.
இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு கூட்டமே நெரிகிறது;
அதற்குக் கீழே ஈ காக்கை இல்லை.
கீழே இறங்கினால் மருத்துவச்சி
நான்கு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும்.
படிவத்துக்குப் பயந்து பிள்ளைகள் கொஞ்சம் பருத்துவிடுகின்றன.

தாயின் நலம்: நன்று, சுமார், மோசம்.
நன்றிலிருந்து சுமாருக்கு எவ்வளவு தூரம்,
சுமாரிலிருந்து மோசத்துக்கு எவ்வளவு?
பத்திக்குத் தெரியாது.
ரொட்டிக்கடை வரிசையைப் போல
முன்னால் யார், பின்னால் யார், அவ்வளவுதான் அது சொல்லும்.

பிறகு இருநூற்றுப் பதினெட்டாவது வரி.
எடை: மூவாயிரத்து நூற்று நாற்பது.
இரட்டைப் பூஜ்யத்தில் முடியாத ஒரே குழந்தை.
முள் ஆடி ஓயும்வரை யாரோ காத்திருந்திருக்கிறார்கள்.
இவனுக்கு மட்டும் ஏன்?

முன்பு பிறந்த பிள்ளைகள்: 0.
பெயர்: தொக்தோசுன்.

பெயர் வெறும் பெயர். கூட்ட முடியாது, வகுக்க முடியாது,
சராசரி எடுக்க முடியாது.
தேர்வில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
ஆனால் எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு
'நின்றுவிடட்டும்' என்று பொருள்.
முதல் பிள்ளைக்கு யாரும் அதை வைப்பதில்லை.
போனவர்களுக்குப் பிறகு வருகிறவனைக்
கையைப் பிடித்து நிறுத்தி வைக்கிற பெயர் அது.

பூஜ்யத்தைப் பார்க்கிறேன், பெயரைப் பார்க்கிறேன்.
இரண்டில் ஒன்று பொய்.

மூன்றாவது முயற்சியில் இணைப்பு கிடைக்கிறது.
மருத்துவச்சி குல்சைரா, காற்றின் இரைச்சலுக்கு நடுவே:
"நாலு வருஷம் முன்னாடி. பொண்ணு. எண்ணூத்தம்பது கிராம்.
ரெண்டு நாள் மூச்சு விட்டா.
அப்போ விதி வேற இல்லையா?
ஆயிரத்துக்குக் கீழே இருந்தா, ஏழு நாள் தாண்டினாத்தான் பிறப்பு.
அவ பிறக்கலை. அதனால சாகவும் இல்லை.
அந்த வருஷம் நம்ம மாவட்டத்துக்குப்
பாராட்டுப் பத்திரம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. என் தலைக்கு மேலேதான் தொங்குகிறது.
விதி மாறிய வருடம் இறப்புக் கோடு செங்குத்தாக ஏறியது;
என்ன தொற்றுநோய் என்று பிஷ்கெக்கிலிருந்து கேட்டார்கள்.
தொற்று இல்லை, வரையறை மாறியது என்று பதில் எழுதினோம்.

ஆக, பொய் எதுவும் இல்லை.
விதிப்படி அந்தப் பூஜ்யம் சரி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
குல்சைரா அளந்திருக்கிறாள். எழுதத்தான் கட்டம் இல்லை.

சான்றுத் தாள் இல்லாமல் நான் ஒன்று என்று திருத்த முடியாது.
பூஜ்யத்தை அப்படியே விடவும் கை வரவில்லை.
காலியாக விட்டால் கணினி ஏற்காது, சிவப்பாக மின்னும்.
'உறுதியில்லை' என்பதற்குக் குறியீடு தொண்ணூற்றொன்பது.
போடுகிறேன்.

தலைநகரில் யாராவது கவனிக்காமல் சராசரி எடுத்தால்
அந்தத் தாய்க்குத் தொண்ணூற்றொன்பது பிள்ளைகள்.
மேலதிகாரி சகின்பெக் கத்துவார்.
கத்தட்டும்.
இருநூற்றுப் பதினெட்டாவது வரியில்
யாராவது ஒருவர் ஒரு நிமிடம்
நின்றுவிடட்டும்.