ஏழு கேள்விகள், பிறகு ஒன்று

முப்பத்தோரு வருஷம் ரூசே நகரத்தில்
தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான்.
நிலவறையில் குனிந்து, டார்ச் அடித்து,
கண்ணாடியில் படிந்த பாசியைக் கட்டைவிரலால் துடைத்து
எண்ணை எழுதுவேன்.
எண்ணுக்குக் கீழே கையெழுத்து, தேதி.
இரண்டும் இல்லாத தாளை
அலுவலகத்தில் ஸ்தோய்கா தொடக்கூட மாட்டாள்.

இப்போது இரவு மூன்று மணி.
நாலாவது தடவை.
விளக்குப் போட்டால் ஸ்வெதா விழித்துவிடுவாள்,
கைபேசி வெளிச்சம் போதும்.
அக்ரூட் அளவில் இருக்கவேண்டிய சுரப்பி
ஆரஞ்சாகிவிட்டதாம்.
ஒரு படத்தில் ஆரஞ்சு,
இன்னொரு படத்தில் எலுமிச்சை.

நிற்கிறேன்.
இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு
வாசலிலேயே செருப்பைத் தேடும் விருந்தாளி மாதிரி
அதுவும் நிற்கிறது.

நிற்கிற நேரத்துக்குப் படிப்பு.
இருபத்தோரு நாளில் சுருங்கும் என்கிறார் ஒருவர்.
வெள்ளைக் கோட்டு இருக்கிறது, பெயர் இல்லை.
குட்டைப் பனையின் பழச்சாறு என்கிறார் அடுத்தவர்,
மூன்று புட்டி வாங்கினால் நாலாவது இலவசம்.
லேசர் என்றால் மறுநாளே நடனம்.
நீராவி என்றால் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.
அந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் ஆவதில்லை.
மாத்திரை போட்ட முதல் இரவே
எழுந்த வேகத்தில் தலைசுற்றி
குளியலறையில் முகவாய் உடைந்த என் அண்ணன் க்ரும்
அங்கே பிறக்கவே இல்லை.

மீட்டர்மேல் காந்தம் வைத்து
முள்ளை நிறுத்துகிறவர்களை எனக்குத் தெரியும்.
அந்த வீட்டில் காபி வரும்.
மறுபடி காபி வரும்.
பிறகு கேக்.
உபசாரம் கூடக் கூட
என் கை குழாயைத் தடவிக் காந்தத்தைத் தேடும்.
'அன்பு நண்பரே, உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது'
என்ற வரியைப் படித்ததும்
இருட்டில் என் கை தானாக நீண்டது.

ஒன்றே ஒன்று வேறு மாதிரி இருந்தது.
படமில்லை, சாம்பல் நிறம்,
இரண்டு பெயர், ஒரு தேதி.
அறுவைக்குப் பின் விந்து பின்பக்கம் திரும்பிச்
சிறுநீர்ப்பைக்குள் போகலாம் என்பதை
ஒளிக்காமல் சொன்னது.
மூலிகை, மாவு மாத்திரையைவிட
அதிகம் செய்ததாகத் தெரியவில்லை என்றது.
'தெரியவில்லை' என்று எழுத
ஒருவருக்காவது கை வந்திருக்கிறது.
ஆனால் மீதியெல்லாம்
வைத்தியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது.
ஐந்து தடவை படித்தேன்.
நல்லது புரியவில்லை,
புரிந்தது நல்லதில்லை.
கால் மரத்துவிட்டது.

பகலில் ஸ்வெதா வறுக்கும் பூசணி விதையைக் கொறிக்கிறேன்.
அது எதையும் சுருக்கவில்லை.
உப்பு மட்டும் சரியாக இருந்தது.

வியாழக்கிழமை டாக்டர் பருஷேவா
ஒரு தாளை நீட்டினார்.
ஏழு கேள்விகள்.
எத்தனை முறை எழுகிறீர்கள், எத்தனை முறை முக்குகிறீர்கள்,
பூஜ்யத்திலிருந்து ஐந்துக்குள்.
பார்த்து எழுதுவதுதானே என் தொழில்,
இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

கீழே தனியாக ஒன்று:
மீதி ஆயுளும் இப்படியே கழிந்தால்
உங்களுக்கு எப்படி இருக்கும்?

இத்தனை ராத்திரியில்
ஒருத்தரும் என்னைக் கேட்காத கேள்வி.
வார்னாவுக்கு மகள் வீட்டுக்குப் போகாத இரண்டு கோடை.
பஸ் மூன்று மணி நேரம்,
நடுவில் நிற்பது ஒரே இடத்தில்.
தேவாலயப் பாட்டுக் குழுவில்
எனக்கு இருந்த நடு இடத்தை விட்டுவிட்டுக்
கதவோரம் நகர்ந்தது.
டான்யூபில் க்ருமின் படகில் ஏற மறுத்து,
காற்று சரியில்லை என்று சொன்னது.
அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

ஒரு எண்ணை எழுதி, அடித்து,
பக்கத்தில் இன்னொன்று எழுதினேன்.
கீழே கையெழுத்து.
தேதி.

"கையெழுத்து வேண்டியதில்லையே" என்றார் டாக்டர்.
"வேண்டும்" என்றேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு
முதல் மருந்திலிருந்து ஆரம்பித்தார்,
அதன் கெடுதலிலிருந்து.
பாதியில் நான் எழவேண்டி வந்தது.
வழி சொல்ல வாயெடுத்தார்.
நடையில் இடதுபக்கம் இரண்டாவது கதவு,
உள்ளே வரும்போதே பார்த்து வைத்திருந்தேன்.